17 வயதில் போட்ட கையெழுத்தும் அம்மம்மாவின் தாலாட்டும்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து 23 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கொட்டியாரக் குடாவை ஒட்டிய கிராமம். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட, அம்மம்மாவிடம் வளர்ந்தவர். 16 வயதில், சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுக்குக் காத்திருந்த நாட்களில், கிணற்றடியில் அம்மம்மாவோடு சேர்ந்து பாடினார். அதை அயலிலுள்ள ஓர் அண்ணா போனில் எடுத்து யூடியூப்பில் போட்டார். அந்த வீடியோ கனடா, லண்டன் வரை ஓடியது. சனலுக்கு அண்ணா வைத்த பெயரே பிள்ளைக்கும் பட்டப்பெயராகிவிட்டது. அம்பா (கரைவலை இழுக்கிறவர்கள் பாடும் பாட்டு), தாலாட்டு, கும்மி என்று 34 வீடியோ. 17 வயதில் அண்ணா நீட்டிய இரண்டு பக்க எக்ரிமென்டில் கையெழுத்தும் போட்டுவிட்டார். 'பாடிய, இனிப் பாடவிருக்கும் பாடல்கள், குரல், பெயர் யாவும் நிரந்தரமாக' அண்ணாவுக்கே என்று அதில் இருக்கிறதாம். பெரியவர்கள் யாரும் கூடக் கையெழுத்து வைக்கவில்லை.

இப்போது அவர் நகரத்தில் முன்பள்ளி ஆசிரியை. கிற்றார் பழகி, சொந்தமாக ஏழு பாட்டு எழுதியிருக்கிறார். தாய் வெளிநாடு போன வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய பாட்டுகளே அதிகம். இரண்டைத் தன் சொந்தச் சனலில் போட்டார். 'மண்வாசனை போச்சு', 'தாவணி எங்கே தங்கச்சி' என்று கொமென்ட்கள் வந்தன. அதோடு அண்ணாவும் ஒரு பாட்டுக்குப் பதிப்புரிமை முறைப்பாடு கொடுத்துத் தூக்கிவிட்டார். அந்தப் பாட்டு அம்மம்மாவின் தாலாட்டு ஒன்றோடு தொடங்குகிறது. 3 இலட்சம் ரூபா நட்டஈடு கேட்டு வட்ஸ்அப்பில் 'இறுதி எச்சரிக்கை'யும் வந்திருக்கிறது. வாசகி கேட்பது இவை: அந்த எக்ரிமென்ட் என்னைக் கட்டுப்படுத்துமா? நாட்டார் பாட்டு யாருக்கும் சொந்தமில்லைத்தானே, பிறகு அவர் எப்படித் தடுக்கலாம்? பழைய வீடியோ முழுவதையும் அழிக்கவைக்க முடியுமா? பெயரை மாற்றிக்கொண்டு புதிதாகத் தொடங்கினால் தப்பலாமா?

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாவது தடவைதான், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. தாலாட்டு அம்மம்மாவின் அண்ணன் கட்டியது, அவர் ஊரில் கூத்துப் பழக்கிய அண்ணாவியார், 1998இல் காலமானார். இது ஒன்று. 19 வயதில் இரண்டு திருவிழா மேடைக்காக அண்ணாவிடம் 40,000 ரூபா வாங்கினீர்கள். இது இரண்டு. அம்மம்மா போன வருடம் தவறிப்போனார். இது மூன்று. நீங்கள் கேட்ட கேள்விகளை விட இந்த மூன்றிலும்தான் விஷயம் கிடக்கிறது.

தாலாட்டு யாருடையது

நாட்டார் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்பது பாதி சரி. ஆனால் உங்கள் தாலாட்டு நாட்டார் பாட்டே இல்லை. கட்டியவர் யாரென்று தெரிகிறது, எப்போது இறந்தார் என்றும் தெரிகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பு உருவான கணத்திலேயே அதற்குப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. எழுதி வைத்திருக்க வேண்டும், பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வாயால் கட்டிய பாட்டும் படைப்புத்தான். ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை நிற்கும். அண்ணாவியார் 1998இல் போனார் என்றால் 2068 வரை அது அவருடைய வாரிசுகளின் சொத்து. அதாவது உங்கள் அம்மாவின் மச்சான், மச்சாள்மாருடையது. சனல்கார அண்ணாவுக்கும் அதில் ஒன்றுமில்லை, உங்களுக்கும் ஒன்றுமில்லை. 'அண்ணா கொப்பிரைட் பதிந்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். இலங்கையில் பதிப்புரிமைக்கு அப்படியொரு பதிவேடே கிடையாது. எதையோ பதிந்திருந்தால் அது வியாபாரக் குறியாக இருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அம்பா வேறு கதை. கரைவலை இழுக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தது. கட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது. அதற்காக அது கேட்பாரற்ற பொருள் ஆகிவிடாது. இந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்கென்றே இருக்கிறது. வியாபார நோக்கத்துக்காகவோ, வழமையான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பயன்படுத்துவதானால், அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரபீடத்தின் அனுமதி வேண்டும் என்கிறது. எந்தச் சமூகத்திடமிருந்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று குறிப்பிடவும் சொல்கிறது. இரண்டாவதை நீங்கள் இன்றைக்கே செய்யலாம். வீடியோவின் கீழே 'பாரம்பரியப் பாடல்' என்று மொட்டையாகப் போடாமல், 'கொட்டியாரக் குடாக் கரைவலைத் தொழிலாளர் பாடும் அம்பா' என்று போடுங்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பெயரும் துறையின் பெயரும் தெரிந்தால் அவையும் வரட்டும். சினிமா, விளம்பரம் என்று பெரிய காசு வரும் காலத்தில் முதலாவதையும் கவனிக்க வேண்டும். உங்கள் பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தரிடம் விசாரிக்கத் தொடங்குங்கள்.

பாட்டு, வரி, பாடிய குரல், பதிவு நாலும் நாலு தனி உரிமை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் கலைஞர்கள் பாதிப்பேர் ஏமாறுகிறார்கள். அண்ணா எடுத்த வீடியோவில் அந்தப் பதிவுக்கான உரிமை அவருக்கு இருக்கலாம். அந்த மெட்டும் வரியும் அவருடையதாகிவிடாது. நீங்கள் புதிதாக உட்கார்ந்து பாடிப் பதிந்தால் அது வேறு பதிவு. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் செய்தது இதைத்தான். அவருடைய முதல் ஆறு அல்பங்களின் மூலப் பதிவுகள் 2019இல் வேறொருவர் கைக்குப் போயின. 2021இலிருந்து அவற்றில் நான்கை அவர் மறுபடி பாடி வெளியிட்டார். பாட்டுகளை எழுதியவர் என்ற உரிமை கையில் இருந்ததால் அது முடிந்தது. (2025இல் பழைய பதிவுகளையும் வாங்கிவிட்டார். அவ்வளவு காசு நம்மிடம் இல்லை, அது வேறு.)

அந்தக் கையெழுத்து

இலங்கையில் 18 வயதில்தான் ஒருவர் பராயமடைகிறார். 17 வயதில், பெற்றோரோ பாதுகாவலரோ கூட நிற்காமல் போட்ட ஒப்பந்தத்தை, நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டப்படி, அந்தப் பிள்ளைக்கு எதிராகப் பொதுவாக வலியுறுத்த முடியாது. இந்த வரியோடு நிறுத்தினால் நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள். ஆனால் 40,000 ரூபா இருக்கிறதே.

18 தாண்டிய பிறகு ஒருவர் பழைய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதுபோல் நடந்தால், அதை அவர் உறுதிப்படுத்திவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். 'பராயமடைந்த பிறகும் என்னிடம் காசு வாங்கினாளே, மேடை ஏறினாளே' என்று அண்ணாவின் சட்டத்தரணி கேட்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பேன். அந்தக் காசு எக்ரிமென்டின்படி வந்ததா, அல்லது அந்த இரண்டு மேடைக்கு மட்டும் பேசிக்கொண்ட கூலியா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அந்த நேரத்து வட்ஸ்அப் செய்திகளைத் தேடி எடுங்கள். 'ரெண்டு புரோகிராமுக்கு 40 தாறன்' என்பதுபோல ஒரு செய்தி கிடைத்தாலே உங்களுக்கு உதவும். போனை மாற்றுவதானால் முதலில் எல்லாவற்றையும் பிரதியெடுத்து வையுங்கள்.

இனிமேல் அவரிடம் ஒரு சதமும் வாங்க வேண்டாம். 'சரி அண்ணா, எக்ரிமென்ட்படி செய்வோம்' என்று சமாதானத்துக்குக்கூட எழுத வேண்டாம். பதிப்புரிமையைக் கைமாற்ற இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு, போனில் தட்டிய செய்திகளையும் லேசாக எடுக்க முடியாது. 18 முடிந்து ஐந்து வருடம் போய்விட்டது என்பதும் உங்களுக்குச் சாதகமில்லை. அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்று சட்டத்தரணி ஒருவர் மூலம் எழுத்தில் அறிவிப்பதை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த 'இறுதி எச்சரிக்கை' பற்றி ஒரு வார்த்தை. வழக்குப் போடுகிறவர் சட்டத்தரணி மூலம், பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புவதுதான் வழமை. ராத்திரி 11 மணிக்கு வட்ஸ்அப்பில் சிவப்பு எழுத்தில் வருவதைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். பதிப்புரிமை மீறல் என்று வழக்காடப் போனால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம்வரை போக வேண்டிவரும், அந்தச் செலவு அவர் கேட்கும் தொகையை விழுங்கிவிடும். வெறும் காசுப் பிணக்கு என்றால், 3 இலட்சம் போன்ற தொகை பெரும்பாலும் முதலில் மத்தியஸ்த சபைக்கே போகும். அங்கே சட்டத்தரணிகளுக்கு இடமில்லை, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நீங்களும் அவரும் இருந்து பேச வேண்டும். உங்கள் விஷயத்தில் அதுவே நல்லதென்று எனக்குப் படுகிறது. ஒரே ஊர், ஒரே ஒழுங்கை.

ஸ்ட்ரைக்கை எப்படி எடுப்பது

பதிப்புரிமை முறைப்பாட்டால் வீடியோவைத் தூக்கும்போது யூடியூப் உங்கள் சனலுக்குப் போடும் எச்சரிக்கைதான் ஸ்ட்ரைக். அது 90 நாளில் காலாவதியாகும். அதற்குள் மூன்று விழுந்தால் சனலே போய்விடும். வீடியோவை நீக்கியது தவறு என்று நீங்கள் யூடியூப்புக்கு எதிர் அறிவித்தல் கொடுத்தால், முறைப்பாடு செய்தவர் 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் வழக்குத் தொடர்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். நீங்கள் உடனே அதைக் கொடுக்கத் துடிப்பது புரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். எதிர் அறிவித்தலில் 'இது தவறுதலாக நீக்கப்பட்டது' என்று சத்தியம் செய்கிறீர்கள். தாலாட்டுக்கு உரித்தானவர்களிடம் நீங்களே இன்னும் அனுமதி வாங்கவில்லையே! முதலில் அண்ணாவியாரின் மகனான உங்கள் மாமாவிடம் போங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: பாட்டின் முதல் வரி, கட்டியவர் பெயர், நீங்கள் பாடவும் பதியவும் வெளியிடவும் அனுமதி, வருமானத்தில் பங்கு உண்டா இல்லையா, இரண்டு தரப்புக் கையெழுத்து, திகதி. அண்ணாவியாருக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களும் வைக்க வேண்டும். அதன்பிறகு எதிர் அறிவித்தல் கொடுங்கள். அதில் உங்கள் பெயரும் முகவரியும் முறைப்பாடு செய்தவருக்குப் போகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். அண்ணாவுக்கு உங்கள் வீடு ஏற்கெனவே தெரியும் என்பதால் இங்கே அது பெரிய விஷயமில்லை.

கோபத்தில் அவருடைய 34 வீடியோவுக்கும் பதில் ஸ்ட்ரைக் அடிக்கலாமா என்று ஒரு யோசனை சொன்னாராம் உங்கள் சிநேகிதி. வேண்டாம். பொய் முறைப்பாடு உங்களைத்தான் திருப்பி அடிக்கும்.

அழிப்பதும் பெயர் மாற்றுவதும்

பழைய வீடியோக்களை அழிக்கவைப்பது சட்டத்தில் கடினம். ஒளிப்பதிவில் பாட ஒப்புக்கொண்ட பிறகு பாடகருக்குரிய ஆற்றுகை உரிமை பெரும்பாலும் சுருங்கிவிடும். போன் அண்ணாவுடையது, ஜிமெயில் அண்ணாவுடையது, நீங்கள் அப்போது விரும்பித்தான் பாடினீர்கள். 'சின்னப் பிள்ளையாக இருந்தபோது எடுத்தது, இப்போது வெட்கமாக இருக்கிறது' என்பது விளங்குகிறது, ஆனால் வழக்கில் அது எடுபடாது. வருமானத்தில் பங்கு கேட்பது வேறு. அதற்கு இடமிருக்கிறது, மத்தியஸ்தத்தில் அதையும் மேசையில் வையுங்கள்.

இன்னொன்று. 34இல் மூன்றில் அம்மம்மாவின் குரல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இனி அந்தக் குரல் வேறெங்கும் கிடைக்காது. அழிக்கவைப்பதைப் பற்றி யோசிக்குமுன் அந்த மூன்றையும் இன்றிரவே தரவிறக்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். அண்ணாவே கோபத்தில் சனலை மூடிவிட்டால் நீங்கள் எங்கே தேடுவீர்கள்? மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. சமாதானப் பேச்சில், அவர் கேட்கும் 3 இலட்சத்தைப் பற்றிப் பேசுமுன் நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

பெயரை மாற்றினால் எக்ரிமென்டிலிருந்து தப்பலாம் என்பது தவறு. ஒப்பந்தம் ஆளோடு வரும், பட்டப்பெயரோடு வருவதில்லை. மாற்ற விரும்பினால் உங்கள் விருப்பத்துக்காக மாற்றுங்கள். அதற்குமுன் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், அந்தப் பட்டப்பெயரை யாரும் வியாபாரக் குறியாக விண்ணப்பித்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். விண்ணப்பித்திருந்தால் ஆட்சேபிக்கவும் வழியுண்டு. இல்லாவிட்டால் நீங்களே சொந்தப் பெயரில் விண்ணப்பிப்பதைப் பற்றி யோசிக்கலாம். பதிவானால் 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். என் அபிப்பிராயம், கொஞ்ச காலத்துக்குச் சொந்தப் பெயரைப் பெரிதாகவும் பழைய பெயரை அடியில் சிறிதாகவும் போடுங்கள். கேட்டுவந்த ஆட்களை நடுவழியில் இறக்கிவிட வேண்டாம்.

'மண்வாசனை போச்சு'

இது சட்டக் கேள்வி இல்லை. நான் பாட்டுக்காரனும் இல்லை, கோணேசர் தேர் பார்க்கப் போனால் கூட்டத்தோடு நின்று கேட்கிற ஆள். ஆனாலும் கடிதத்தில் பாதிப் பக்கம் இதைப் பற்றித்தான் இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை.

உங்களுக்குப் பேர் வாங்கித்தந்த அந்த முதல் அம்பாவில் கடைசி மூன்று சரணம் நீங்களே எழுதியதாம். 'அம்மம்மாவுக்கு மறந்துபோனதால் நான் இட்டுக்கட்டினேன்' என்கிறீர்கள். அதில் எஞ்சின் படகும் டீசல் விலையும் வருகிறது. அதன் கீழேதான் ஒருவர் 'நூற்றாண்டுப் பழமையான வரிகள், கண்ணீர் வந்தது' என்று எழுதியிருக்கிறார்! நூறு வருடத்துக்கு முன் கொட்டியாரத்தில் டீசலுக்கு யார் வரிசையில் நின்றார்கள்? நீங்கள் 16 வயதிலேயே பாட்டை மாற்றிவிட்டீர்கள், அவர்கள் அதைத்தான் விரும்பிக் கேட்டார்கள். கிற்றாரும் தாவணியும்தான் அவர்கள் கண்ணில் படும் வித்தியாசம். அந்த மூன்று சரணத்துக்கும் நீங்களே ஆசிரியர். உரிமையை யாருக்கு விற்றாலும், ஆக்கியவர் நான் என்று பெயர் போடச் சொல்லும் உரிமை ஆக்கியவரிடமே நிற்கும். அதை இனியாவது வெளியில் சொல்லுங்கள். அதுவரை உங்களை அம்மம்மாவின் ஒலிபெருக்கி என்றுதான் நினைப்பார்கள்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்தைச் சுருக்கி மண்டப மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்து கெட்டுப்போகிறது என்றவர்களும் இருந்தார்கள். அவர் அண்ணாவிமாரை விட்டுவிட்டுப் போகவில்லை, அவர்களைக் கூட வைத்துக்கொண்டே செய்தார். உங்கள் புதுப் பாட்டு தாலாட்டில் தொடங்கி, குவைத்திலிருந்து வரும் அம்மாவின் போன் அழைப்புக்கு நகர்கிறது என்று எழுதியதை வாசித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மூதூர், கிண்ணியாப் பக்கம் அம்மா இல்லாமல் வளர்ந்த எத்தனை பிள்ளைகள் அதைக் கேட்பார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாவணி கேட்கிறவர்களில் எத்தனை பேர் ரொரன்டோவில் இருந்துகொண்டு ஊரைக் கேட்கிறவர்கள் என்பதையும் பாருங்கள். அவர்கள் கேட்பதில் பிழையில்லை. அவர்கள் விட்டுப்போன ஊர் அது, நீங்கள் இருப்பது வேறு ஊர்.

ஒரு எச்சரிக்கை மட்டும். 'நான் நாட்டார் பாட்டை விட்டுவிட்டேன்' என்று அறிவிப்பு வீடியோ போடும் எண்ணத்தைக் கைவிடுங்கள். பாட்டு தானே சொல்லும். நாளைக்கு ஒரு அம்பா பாட ஆசை வந்தால் அந்த வீடியோதான் குறுக்கே நிற்கும்.

இப்போது செய்ய வேண்டியது: எக்ரிமென்டின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், 40,000 ரூபா பற்றிய செய்திகள், ஸ்ட்ரைக் வந்த மின்னஞ்சல், ஏழு பாட்டின் வரிகள் திகதியோடு. இவற்றை ஒரு கோவையில் போட்டுக்கொண்டு நேரில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். முன்பள்ளிச் சம்பளத்தில் கட்டணம் கஷ்டம் என்றால், திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவுவார்கள். எக்ரிமென்டை நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதை மறக்க வேண்டாம். ஒரு வரி மாறினாலும் என் பதில் மாறக்கூடும்.

அதற்கெல்லாம் முன்னால், வருகிற சனிக்கிழமையே மாமாவிடம் போங்கள். கடிதத்தை நீட்டுமுன் கிற்றாரோடு அந்தத் தாலாட்டை ஒருதடவை பாடிக் காட்டுங்கள். அப்பா கட்டிய பாட்டு, அவருக்கு முழுதும் பாடமாக இருக்கும். அம்மம்மா மறந்துபோன சரணம் ஏதும் அவரிடம் இருந்தால் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தை அதற்குப் பிறகு வாங்கலாம்.